சம்ப்பைக் குறைக்கலாம், ஆயிலைக் குறைக்கலாமா?

கிட் கார் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே பாகத்தைச் சுற்றியே நிற்கின்றன: எஞ்சினுக்கு அடியில் தொங்கும் ஆயில் சம்ப். ஊர்ப்பக்கம் மெக்கானிக்குகள் ‘ஆயில் சேம்பர்’ என்பார்களே, அதுதான். 1957-ல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் காரின் வழியில் பிரிட்டனில் இன்றும் பலர் வீட்டு கராஜிலேயே கார் கட்டுகிறார்கள். கேட்டர்ஹாம், வெஸ்ட்ஃபீல்ட், லோகாஸ்ட் எல்லாமே தரையை ஒட்டி நிற்கும் சேஸிஸ்கள். அதில் உட்காரும் எஞ்சினோ பெரும்பாலும் சாதாரணக் குடும்பக் காரிலிருந்து கழற்றியது. அதன் சம்ப் உயரமான காருக்காக ஆழமாக வார்க்கப்பட்டது. சிக்கல் இங்கே தொடங்குகிறது.

கேள்வி: ஃபோர்டு மான்டியோவில் இருந்து எடுத்த 2 லிட்டர் டூராடெக் எஞ்சினைச் செவன் வகை சேஸிஸில் வைக்கிறேன். பழைய சம்ப் சேஸிஸ் குழாய்க்கு 70 மி.மீ. கீழே தொங்குகிறது. கிடைப்பதிலேயே மிகத் தட்டையான சம்ப்பை வாங்கிவிடலாமா? – கோவென்ட்ரி வாசகர்

பதில்: சம்ப்பைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு முதலில் பெல் ஹவுசிங்கை (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவ உறை) அளந்து பாருங்கள். எஞ்சினை எவ்வளவு இறக்கலாம் என்பதை முடிவு செய்வது, அந்த உறைக்குள் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல்தான். கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) மையத்தில் இருந்து ரிங் கியர் (ஃப்ளைவீலைச் சுற்றிய பல்வளையம்) விளிம்பு வரை 140 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் விடும் இடைவெளியும் ஹவுசிங் சுவரின் கனமும் சேர்ந்து இன்னொரு 12 மி.மீ. ஆக, கிராங்க் மையத்துக்குக் கீழே 152 மி.மீ. வரை பெல் ஹவுசிங் எப்படியும் இறங்கித்தான் இருக்கும். நீங்கள் 120 மி.மீ. ஆழ சம்ப் வாங்கினாலும் ரோட்டில் முதலில் தட்டப்போவது பெல் ஹவுசிங். மிச்சம் பிடித்த 32 மி.மீ.யால் ஒரு பயனும் இல்லை. அதற்குக் கொடுத்த விலையோ ஆயில்: 350 மி.மீ. நீளமும் 220 மி.மீ. அகலமும் உள்ள சம்ப்பில் 32 மி.மீ. ஆழம் என்றால் கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர்!

எனவே சம்ப்பின் அடியும் பெல் ஹவுசிங்கின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்; சம்ப் 5 மி.மீ. மேலே இருந்தாலும் சரி. அதற்கு மேல் தட்டையாக்க வேண்டாம். ஹவுசிங்கின் அடியில் வேலையில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை அரைத்துக் குறைக்கலாம். அதற்கும் கீழே எஞ்சினை இறக்க வேண்டுமானால் சிறிய ஃப்ளைவீலும் 184 மி.மீ. கிளச்சும் போட வேண்டும். அது பந்தயக் காருக்கான செலவு.

மேல் பக்கமும் ஓர் எல்லை உண்டு. இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம்) 83.1 மி.மீ. அதாவது கிராங்க் பின், மையத்தில் இருந்து 41.5 மி.மீ. தள்ளிச் சுழல்கிறது. அதற்கு வெளியே கனெக்டிங் ராடின் அடிமூடி, போல்ட் தலை எல்லாம் வரும். மொத்தமாக ஏறக்குறைய 85 மி.மீ. ஆரத்துக்கு ஒரு வட்டம் சுழல்கிறது என்று எடுத்துக்கொண்டால், 85-க்கும் 152-க்கும் நடுவே 67 மி.மீ. மட்டுமே மிஞ்சுகிறது. கிராங்க் சுழலும் காற்று ஆயிலைக் கிளப்பாமல் தடுக்கும் விண்டேஜ் தகடு, ஆயில், அந்த ஆயிலைப் பம்ப்புக்கு உறிஞ்சும் பிக்கப் பைப், அடித்தகட்டின் கனம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இவை கணக்கைப் புரியவைக்கத் தந்த எண்கள். உங்கள் பிளாக்கில் ஸ்கேலை வைத்து நீங்களே அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது கார் தன் டயரில் நிற்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு மணல் மூட்டை வையுங்கள். பெட்ரோல் டேங்க் பாதியாவது நிறைந்திருக்கட்டும். வெறும் பிளாக்கையும் கியர்பாக்ஸையும் மரக்கட்டை முட்டுக்கொடுத்து அதனதன் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு அடிக்குழாய்களுக்கும் குறுக்கே ஒரு நேர்ச்சட்டத்தைக் கட்டி, அதிலிருந்து சம்ப் விளிம்பு வரை முன்னும் பின்னும் தனித்தனியாக அளவெடுங்கள். தனித்தனியாக என்பதற்குக் காரணம் இருக்கிறது. நீளவாக்கில் வைத்த எஞ்சின் பெரும்பாலும் பின்பக்கம் தாழ்ந்தே உட்காரும். 3 டிகிரி சாய்ந்தாலே 350 மி.மீ. நீளத்தில் பின்முனை 18 மி.மீ. இறங்கிவிடும். பிளாக்குக்கு இணையாக அடித்தகடு போட்ட சம்ப் வாங்கினால், முன்னால் இடமிருந்தும் பின்னால் தொங்கும். அடித்தகடு ஆப்பு வடிவத்தில் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

தரை இடைவெளி எவ்வளவு? ஆள் ஏறிய பிறகு 100 மி.மீ. இருந்தால் பிரிட்டிஷ் சாலைக்கு நிம்மதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999-ஆம் ஆண்டு விதிகளின்படி வேகத்தடைகள் 25 முதல் 100 மி.மீ. உயரம் வரை இருக்கலாம். தடையின் மேல் சக்கரங்கள் ஏறி இறங்கும் நேரத்தில் ஸ்பிரிங் அமுங்குவதையும் சேர்த்து எண்ணுங்கள்.

டூராடெக்கில் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில. அதன் சம்ப் வெறும் தொட்டி அன்று. அலுமினிய வார்ப்பு, கியர்பாக்ஸோடு போல்ட் போட்டுப் பிணைந்து அந்த இணைப்புக்கு உறுதி கொடுக்கும் பாகம். மாற்று சம்ப்பிலும் பெல் ஹவுசிங்குக்கான கீழ் போல்ட் துளைகள் இருக்க வேண்டும். ஆயில் பம்ப் கிராங்கிலிருந்து தனிச் செயினில் ஓடுகிறது. பிக்கப் பைப் அந்தப் பம்ப்போடு சேர்ந்தது. ஆகவே சம்ப்பை ஓரிடத்திலும் பிக்கப்பை இன்னோரிடத்திலும் வாங்காமல் ஜோடியாகவே வாங்குங்கள். ரேஸ்லைன் போன்ற நிறுவனங்கள் இந்த எஞ்சினுக்கென்றே குட்டை வெட் சம்ப் (ஆயில் எஞ்சினுக்கு அடியிலேயே தங்கும் வழக்கமான வகை) செய்கின்றன. இன்னொன்று: சம்ப் மாற்றும் வேலையில் கிராங்க் புல்லி போல்ட்டைத் தொடாதீர்கள். இந்த எஞ்சினில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) நழுவாமல் பிடிக்கும் சாவிக்கட்டை கிடையாது. போல்ட்டின் இறுக்கம்தான் டைமிங்கை, அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை, பிடித்து வைத்திருக்கிறது. அதைத் தளர்த்தினால் டைமிங் பூட்டும் கருவிகளும் புது போல்ட்டும் இல்லாமல் திரும்பப் பூட்ட முடியாது.

கேள்வி: லோகாஸ்ட் காரில் ஃபோர்டு சியராவின் 2 லிட்டர் பின்டோ எஞ்சின். இரும்பு சம்ப்பின் அடியை 25 மி.மீ. வெட்டிக் குறைத்து வெல்டிங் செய்தேன். நேர்ச்சாலையில் ஒன்றுமில்லை. ரவுண்டானாவில் மட்டும் ஆயில் விளக்கு மினுக்குகிறது. 25 மி.மீ. பெரிய அளவா என்ன? – லீட்ஸ் வாசகர்

பதில்: பெரிய அளவுதான். விளக்கு மினுக்கும் காரை ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். காரணத்தைக் கணக்காகவே பார்ப்போம்.

உங்கள் சம்ப்பின் ஆழமான கிண்ணப் பகுதி 240 மி.மீ. நீளம், 220 மி.மீ. அகலம் என்று கொள்வோம். 25 மி.மீ. வெட்டியதில் 1.3 லிட்டர் போயிற்று. ஃபில்டரோடு சேர்த்துப் பின்டோ கேட்பது 3.75 லிட்டர். பழைய டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் கோல்) கோட்டுக்கே ஊற்றினீர்கள் என்றால் இப்போது உள்ளே இருப்பது ஏறக்குறைய 2.4 லிட்டர். அதில் அரை லிட்டர் ஃபில்டரிலும் வழிகளிலும். எஞ்சின் ஓடும்போது இன்னொரு லிட்டர் மேலே கேம்ஷாஃப்ட்டிலும் சுவர்களிலும் வழிந்துகொண்டிருக்கும். கிண்ணத்தில் மிஞ்சுவது 0.9 லிட்டர் சொச்சம். 17 அல்லது 18 மி.மீ. ஆழம், அவ்வளவுதான்.

இப்போது வளைவுக்கு வாருங்கள். பக்கவாட்டு விசை அரை ஜி (புவியீர்ப்பில் பாதி) ஆனால், ஆயிலின் மேல்மட்டம் 2-க்கு 1 என்ற சரிவில் சாய்கிறது. இருக்கிற ஆயில் வெளிச்சுவரோரம் முக்கோணமாக ஒதுங்கும். கிண்ணத்தின் நடுவே நிற்பது 7 மி.மீ. மட்டும். பிக்கப்பின் வாய் அடியில் இருந்து 8 மி.மீ. உயரத்தில் இருந்தால், அது அந்த நொடியிலேயே காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். 0.7 ஜி ஆனால் ஆயில் வெளிச்சுவரில் இருந்து 105 மி.மீ. தூரம் வரைதான் தரையை மூடும். நடுக்கோடோ 110 மி.மீ. தள்ளி இருக்கிறது. பிக்கப் இருக்கும் இடம் காய்ந்த தரை!

ரவுண்டானாவில் மட்டும் ஏன்? பிரிட்டனில் ரவுண்டானாவை வலஞ்சுழியாகச் சுற்றுகிறோம். அது ஒரு நீண்ட வலதுபக்க வளைவு. சாதாரணத் திருப்பத்தில் ஒரு நொடி ஒதுங்கித் திரும்பும் ஆயில், அங்கே நாலைந்து நொடி இடதுபக்கமே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உங்கள் பிக்கப் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

கம்பெனி பொருத்திய விளக்கு எரிவது ஆயில் அழுத்தம் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பாராக விழும்போதுதான். 3,000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு 2 பார் வேண்டும் (ஆயிரம் சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கைக்கணக்கு). விளக்கு எரிவதற்கு வெகு முன்பே பேரிங் பட்டினி கிடக்கத் தொடங்கியிருக்கும். எனவே சம்ப்பை இறக்கும்போதே இரண்டு பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் இடம்) மூடிகளையாவது கழற்றி, உள்ளே இருக்கும் பேரிங் ஷெல்லைப் பாருங்கள். மேல் பூச்சு சாம்பல் நிறத்தில் சீராக இருந்தால் பிழைத்தீர்கள். செம்பு நிறம் தெரிந்தால் எல்லா ஷெல்லையும் மாற்றுங்கள். ஃபில்டரை அறுத்து மடிப்புத்தாளை வெயிலில் பிரித்துப் பார்த்தால் மினுங்கும் தூள் இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

இனி சரிசெய்வது எப்படி என்று பார்ப்போம். ஆழத்தில் இழந்ததை அகலத்தில் திரும்ப எடுக்க வேண்டும். கிண்ணத்தின் இரு பக்கமும் 50 மி.மீ. அகலம், 70 மி.மீ. உயரத்துக்குச் சிறகுகள் வைத்தால் 1.6 லிட்டருக்கு மேல் கிடைக்கும். சேஸிஸில் எஞ்சின் மவுண்ட், ஸ்டீரிங் தண்டு, எக்ஸாஸ்ட் குழாய் மூன்றும் அதே இடத்துக்குத்தான் போட்டி போடும். எக்ஸாஸ்டுக்கும் சிறகுக்கும் 25 மி.மீ.யாவது இடைவெளி விடுங்கள். முடியாவிட்டால் நடுவே வெப்பத்தடுப்புத் தகடு வேண்டும்.

ஆனால் சிறகு மட்டும் வைத்தால் போதாது. சொல்லப்போனால் கெடுதல் கூடும். ஆயில் ஒதுங்க இன்னும் நல்ல இடம் கிடைத்துவிடுகிறது. பிக்கப்பைச் சுற்றி நான்கு சுவர் எழுப்பி, ஏறக்குறைய 120 மி.மீ. சதுரத்தில் ஒரு பெட்டி கட்டுங்கள். 1.5 மி.மீ. இரும்புத் தகடு போதும். ஒவ்வொரு சுவரிலும் ஒரு கதவு. கதவு உள்பக்கம் மட்டுமே திறக்க வேண்டும். வெளியே இருந்து ஆயில் தள்ளினால் திறக்கும். உள்ளிருக்கும் ஆயில் வெளியே போகப் பார்த்தால் அதன் அழுத்தமே கதவைச் சாத்திவிடும். கீழே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். மேலே பெட்டிக்கு மூடித்தகடு. பிக்கப்புக்கும் டிப்ஸ்டிக்குக்கும் துளை. மேலிருந்து வழியும் ஆயில் உள்ளே இறங்க மூடியின் விளிம்போரம் சில துளைகள் கட்டாயம். அவை சிறிதாகிவிட்டால் ஆயில் மூடிக்கு மேலேயே தேங்கி நிற்கும்.

இந்தப் பெட்டியில் ரிவெட் வேண்டாம். அதிர்வில் ரிவெட் தளர்ந்து ஆயிலில் விழும். கீல்களின் ஊசியை இரு முனையிலும் ஒரு பொட்டு வெல்டிங் வைத்துப் பூட்டுங்கள். கதவுகளைக் கையால் தட்டிப் பார்த்தால் சொந்த எடையிலேயே விழ வேண்டும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் அந்தப் பக்க வளைவில் பெட்டி காலியாகும். ரப்பர் துண்டைக் கதவாகத் தொங்கவிடுபவர்கள் உண்டு. சூடான ஆயிலில் அது விறைத்துப் போகும்.

பிக்கப்பையும் அதற்கேற்பக் குறைத்தீர்களா? அடித்தகட்டில் இருந்து 6 முதல் 10 மி.மீ. இடைவெளி என்பது நல்ல அளவு. அதற்குக் குறைந்தால் வாய் அடைபடும். குழாயின் உள்விட்டத்தில் கால் பங்கு உயரம் இருந்தால்தான் சுற்றிலும் இருந்து வரும் வழியின் பரப்பு குழாயின் பரப்புக்குச் சமமாகும், 20 மி.மீ. குழாய்க்கு 5 மி.மீ. ஸ்ட்ரெயினர் வலை பாதி வழியை மறைப்பதால் 8 வையுங்கள். சரிபார்க்க எளிய வழி: பிக்கப் வாயில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டி, காஸ்கெட்டோடு சம்ப்பை இரண்டு மூன்று போல்ட்டில் இறுக்கிக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் கனமே இடைவெளி. குழாயை வெட்டி இணைக்கும்போது பித்தளைப் பற்றவைப்பு செய்யுங்கள், ஈயம் வேண்டாம். இது உறிஞ்சும் பக்கம். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஆயில் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். சம்ப் நிறைய ஆயில் இருந்தும் அழுத்தம் ஆடுவதன் காரணம் பல நேரம் இதுதான். பைப்பின் நுனியை ஒரு பிராக்கெட் போட்டு மெயின் பேரிங் மூடியோடு கட்டிவிட்டால் அதிர்வில் விரிசல் விடாது.

கடைசியாக டிப்ஸ்டிக். பழைய கோடு இனிச் செல்லாது. புது சம்ப்பை மேசையில், காரில் உட்காரும் அதே சாய்வில் நிறுத்தி, அரை அரை லிட்டராகத் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு முறையும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நிற்கும்போது ஆயில் மட்டம் விண்டேஜ் தகட்டின் அடியைத் தொடக் கூடாது. அங்கே மேல்கோடு, அதற்கு அரை லிட்டர் கீழே அடுத்த கோடு. ‘கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிடலாம்’ என்று தோன்றும். கிராங்க் ஆயிலில் அடித்தால் நுரைக்கும். நுரையைப் பம்ப்பால் அழுத்த முடியாது. குறைவாக ஊற்றினால் வரும் அதே கேடுதான் கூடுதலாக ஊற்றினாலும் வரும்.

கேள்வி: கல்லூரி அணியாக ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் செய்கிறோம். கேடிஎம் 390 எஞ்சின். பைக்கில் இதே எஞ்சின் முழுதாகச் சாய்ந்து போகிறது, ஒன்றும் ஆவதில்லை. காரில் மட்டும் ஏன் சம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள்? – கோயம்புத்தூர் மாணவர்

பதில்: நல்ல கேள்வி. பைக் வளைவில் சாயும்போது புவியீர்ப்பும் பக்கவாட்டு விசையும் சேர்ந்த மொத்த விசை, பைக்கின் நடுக்கோட்டிலேயே கீழ்நோக்கி இறங்குகிறது. அப்படி இறங்கினால்தான் பைக் விழாமல் நிற்கும். எஞ்சினுக்குள் இருக்கும் ஆயிலைப் பொறுத்தவரை அது நேராக நிற்கிற மாதிரிதான். எடை மட்டும் கூடியிருக்கும். கார் சாய்வதில்லை. 1 ஜி வளைவில் ஆயில் மட்டம் 45 டிகிரி சாய்ந்து ஒரு சுவரில் ஏறிவிடும். பைக் சம்ப்பை வடிவமைத்தவர் இந்த நிலையை எதிர்பார்க்கவே இல்லை.

பிரேக் பிடிக்கும்போதும் முடுக்கும்போதும் நடப்பது பைக்குக்கும் பழக்கமானது. அதனால் உங்கள் கவலை பக்கவாட்டில்தான். போட்டி நடக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கூம்பு வைத்து அமைக்கும் குறுகிய வளைவுகளில் இடம் வலம் மாறிமாறி ஆயில் அலைமோதும். முதல் வேலை, சம்ப்பின் பிளவுமுகத்தில் 2 மி.மீ. அலுமினியத் தடுப்புத் தகடு. பிக்கப் நுழைய ஒரு துளை, ஆயில் இறங்கச் சில துளைகள். ஆயில் சுவரில் ஏறிக் கிராங்க் அறைக்குள் போவதை அது தடுக்கும். அடுத்ததாக, பிக்கப்பின் இரு பக்கமும் உள்நோக்கித் திறக்கும் கதவுகள். தகட்டின் கனத்தால் பிக்கப் இடைவெளி 2 மி.மீ. கூடிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். காஸ்கெட் இரண்டாகும்போது இன்னும் கூடும்.

சோதிக்க ஓடுதளம் வேண்டியதில்லை. பிளாஸ்டிக் அல்லது அக்ரிலிக்கில் அதே அளவு சம்ப் செய்து, ஆயில் ஊற்றி 45 டிகிரி சாய்த்து நிறுத்திப் பாருங்கள். பிக்கப் வாய் முழுகியிருக்க வேண்டும். போட்டியின் சாய்மேசைச் சோதனை 60 டிகிரி, அது 1.7 ஜி வளைவுக்குச் சமம். அங்கே பார்ப்பது கசிவையும் கார் கவிழாமல் நிற்கிறதா என்பதையும். ஆனால் உங்கள் சம்ப்புக்கும் அதே கோணத்தை இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

பைக் எஞ்சினில் கிளச்சும் கியரும் அதே ஆயிலில்தான் நனைகின்றன. எனவே பைக் கிளச்சுக்கென வகுத்த ஜாசோ எம்ஏ தரம் உள்ள ஆயிலே வேண்டும்; கார் ஆயிலில் கிளச் வழுக்கும். அரை லிட்டர் கூட ஊற்றிச் சமாளிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். கிளச் ஆயிலில் இழுபடும், எஞ்சினின் காற்றுப்போக்கியான பிரீதர் வழியே ஆயில் கக்கும். வேண்டாம்.

கேள்வி: வெஸ்ட்ஃபீல்ட், ஜீடெக் எஞ்சின். மாதம் ஒருமுறை டிராக்கில் ஓட்டுகிறேன், ஒட்டும் டயர். நேராக டிரை சம்ப்புக்கே போய்விடலாமா? – மிசிசாகா (கனடா) வாசகர்

பதில்: செலவைத் தாங்க முடிந்தால் போகலாம். ஆனால் அதை வாங்குவது எதற்காக என்று தெரிந்து வாங்குங்கள். டிரை சம்ப்பில் ஆயில் எஞ்சினுக்கு அடியில் தங்குவதே இல்லை. இரண்டு உறிஞ்சும் பம்ப்கள் வழித்தெடுத்து உயரமான உருளைத் தொட்டிக்கு அனுப்பும். அங்கே காற்று பிரிந்து, தொட்டியின் அடியில் இருந்து மூன்றாவது பம்ப் எஞ்சினுக்குத் தரும். தொட்டி குறுகலாக, உயரமாக இருப்பதால் எந்த வளைவிலும் அடிவாய் முழுகியே இருக்கும். தொட்டி, பெல்ட், புல்லி, தடித்த ஹோஸ்கள், ஒவ்வொரு ஹோஸுக்கும் இணைப்பு என்று செலவு நீளும். ஒவ்வொரு இணைப்பும் கசியக்கூடிய ஓர் இடம். அதன் ஆயில் மட்டத்தைக் குளிர்ந்த எஞ்சினில் பார்க்கக் கூடாது. நிற்கும்போது தொட்டியில் இருந்து ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும். சூடேற்றி, ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சினைத் தாழ்த்துவதற்காக மட்டும் டிரை சம்ப் வாங்காதீர்கள். மேலே கோவென்ட்ரி வாசகருக்குச் சொன்ன ஃப்ளைவீல் கணக்கு இங்கும் பொருந்தும்.

மாதம் ஒருநாள் ஓட்டத்துக்கு, கதவு வைத்த நல்ல வெட் சம்ப்பும் ஓர் அக்யூசம்ப்பும் போதும் என்பது எங்கள் கருத்து. அது நடுவே பிஸ்டன் உள்ள ஓர் உருளை. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஆயில். அழுத்தம் விழும் நொடியில் தன்னிடம் உள்ளதை எஞ்சினுக்குத் தள்ளும். அது நிரம்பும்போதும் காலியாகும்போதும் சம்ப்பின் மட்டம் அத்தனை அளவு ஏறி இறங்கும். அதனால் டிப்ஸ்டிக் கோட்டை அதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். இத்துடன் 1.4 பாரில் எரியும் ஒரு பெரிய சிவப்பு விளக்கு, கண் எதிரே. வளைவில் மீட்டரைப் பார்க்க நேரம் இருக்காது.

ஆயிலின் வெப்பநிலையையும் பாருங்கள். 90 முதல் 110 டிகிரி நல்லது. 125-ஐத் தாண்டினால் கூலர் வைக்கும் நேரம்; தெர்மோஸ்டாட் உள்ள இணைப்புத் தகட்டோடு வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஊர்க் குளிரில் ஆயில் சூடே ஏறாது.

கேள்வி: வார்ப்பு அலுமினியமா, தகடு வெட்டி வெல்டிங் செய்த அலுமினியமா, இரும்பா? – ஹாரோ வாசகர்

பதில்: சாலைக்கு இரும்பு. கல் பட்டால் நசுங்கும், ஆனால் உடையாது, வீட்டிலேயே ஒட்டலாம். வார்ப்பு அலுமினியம் விறைப்பும் துல்லியமும் உள்ளது. அடிபட்டால் விரிசல் விட்டு ஆயில் முழுவதும் நொடியில் கொட்டும். ஆயில் ஊறிய பழைய வார்ப்பை வெட்டி வெல்டிங் செய்வது மிகவும் சிரமம். துளைகளில் ஊறிய ஆயில் சூட்டில் கொப்பளித்து, வெல்டிங்கே சல்லடையாகிவிடும்.

அலுமினியத் தகட்டில் செய்வதானால் பக்கம் 3 மி.மீ., அடி 4 அல்லது 5 மி.மீ., பிளாக்கோடு ஒட்டும் விளிம்பு 8 முதல் 10 மி.மீ. அந்த விளிம்பை ஒரு பழைய பிளாக்கிலோ தடித்த இரும்புப் பலகையிலோ எல்லா போல்ட்டும் போட்டு இறுக்கிய பிறகே டிக் வெல்டிங் தொடங்க வேண்டும். முழுதாக ஆறும் வரை கழற்றக் கூடாது. அவசரப்பட்டுக் கழற்றினால் விளிம்பு வாழைப்பழமாக வளைந்துவிடும். கசிவுச் சோதனைக்கு வெளியே வெல்டிங் கோட்டில் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். ஊசித்துளை இருந்தால் காலையில் சுண்ணாம்பில் ஈரக்கறை காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: புது டூராடெக் சம்ப் போட்டு இரண்டு முறை கழற்றி மாட்டியாயிற்று. முன்பக்க மூலையில் கசிவு நிற்கவில்லை. சிலிக்கோன் நிறையத்தான் வைத்தேன். – மில்டன் கீன்ஸ் வாசகர்

பதில்: நிறைய வைத்ததுதான் அடுத்த ஆபத்து. பிதுங்கி உள்ளே போன சிலிக்கோன் ஆறி, உதிர்ந்து, ஸ்ட்ரெயினர் வலையில் போய் ஒட்டும். 3 மி.மீ. கனத்துக்கு ஒரே கோடாக, போல்ட் துளைகளுக்கு உள்பக்கம் சுற்றி வைத்தால் போதும்.

மூலையில் கசியக் காரணம், அங்கே பிளாக், டைமிங் செயினின் முன்மூடி, சம்ப் என்று மூன்று பாகங்கள் சந்திக்கின்றன. மூடிக்கும் பிளாக்குக்கும் நடுவில் பிதுங்கிக் காய்ந்த பழைய சிலிக்கோனைக் கத்தியால் மட்டமாக அறுத்தெடுத்து, பிரேக் கிளீனரால் துடைத்து, அந்தச் சந்திப்பில் மட்டும் ஒரு பொட்டு கூடுதலாக வையுங்கள். பிளாக்கின் முகத்தைத் துடைத்த பிறகும் மேலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டே இருக்கும். சம்ப்பை இறக்கி ஓர் இரவு முழுக்க வடியவிட்ட பிறகே பூசுங்கள்.

மாட்டும்போது சம்ப்பின் பின்முகமும் பிளாக்கின் பின்முகமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்து, போல்ட்களைக் கையால் பிடிமானத்துக்குக் கொண்டுவந்தபின், நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக இறுக்குங்கள். சம்ப் அரை மி.மீ. பின்னால் நீட்டிக்கொண்டிருந்தாலும் பெல் ஹவுசிங்கை இறுக்கும்போது அது சம்ப்பைத் தள்ளும். பூசிய சிலிக்கோன் கிழியும், வார்ப்பில் காது உடையும். உங்கள் கசிவு இரண்டு முறையும் அதே மூலையில் வந்ததால் இதையும் பார்த்துவிடுங்கள். எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு 20 முதல் 25 போதும். பூசியபின் குப்பியில் சொன்ன நேரம் காய்ந்த பிறகே ஆயில் ஊற்றுங்கள். முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளையும் நிறுத்திவிட்டு, மீட்டரில் அழுத்தம் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள்.

கேள்வி: ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? – கோவென்ட்ரி வாசகரே மீண்டும்

பதில்: பின்னோக்கி, அல்லது பக்கவாட்டில். அடியில் நேராகக் கீழ்நோக்கி வைத்தால் வேகத்தடையில் முதலில் உரசுவது அதன் தலைதான். சுற்றிலும் தகடு 10 மி.மீ.யாவது கனமாக இருக்கும்படி ஒரு கட்டையை வெல்டிங் செய்து, அதில் மரை போடச் சொல்லுங்கள். நுனியில் காந்தம் உள்ள பிளக்காக வாங்குங்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதுச் செம்பு வாஷர். காந்தத்தில் ஒட்டியது மாவு போல மென்மையாக இருந்தால் சரி, நகத்தில் உரசும் துணுக்காக இருந்தால் சம்ப்பை இறக்குங்கள்.